மதினி முட்டை சாப்பிடுகிறார்

ஆறு வருடத்துக்கு முன்பு ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நடந்தது இது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு தேயிலைக்குள் இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம் வரும். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்பார்கள். எங்கள் லயம், அதாவது காம்பரா என்னும் ஒற்றை அறை வீடுகளின் வரிசை, மேல்கணக்கில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருடம் ஆகியும் எங்கள் துரை வெள்ளைக்காரராகவே இருந்த காலம்.

எனக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு நாள் எங்கள் வீட்டில் ஓர் உயிரோடு விளையாடிவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஹட்டனில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த டீச்சர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். தினமும் நடப்பதைச் சொல்லும் சின்னச் சின்ன வாக்கியங்கள் எங்கள் நாக்கில் ஊறிப்போக வேண்டும். சாதாரண நிகழ்காலம் என்று அதற்குப் பெயர். "நேத்து ஒரு நாள் நடந்தது வேற. நாளைக்கு நடக்கப்போறது வேற. எப்பவும் நடக்கிறது, எப்பவும் உண்மையா இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இது" என்பார். எங்கள் புத்தகத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார். ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார். பால் குடிக்கிறார். முட்டை சாப்பிடுகிறார். மத்தியானம் ஓய்வெடுக்கிறார். நாங்கள் நாற்பது பிள்ளைகள் அந்த அம்மாவின் ஒரு நாளை வருடக்கணக்காக ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விடுமுறைக்கு வந்தால் லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "எங்க புள்ள, கொஞ்சம் இங்கிலீசு பேசு" என்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த அம்மாவின் கதையை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஆசையாகக் கேட்பார்கள்.

"எங்க வீட்டுக்கு ரேடியோப் பொட்டி எதுக்கு? அதான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கோமே. பேட்டரி போட வேணாம், தீனி போட்டாப் போதும்" என்று மதினி கேலி செய்வார்.

மதினி என் அண்ணனின் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அம்மா இறந்த பிறகு வீட்டை எடுத்து நடத்தியவர் அவர்தான். விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினால், சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் இறங்குவார். அதற்கு முந்தின வருடம் ஐந்தாம் மாதத்தில், மலையில் வைத்தே, முதல் கரு கலைந்துபோயிற்று. இப்போது மறுபடி ஆறாம் மாதம். அதைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மதினி மட்டும் வயிற்றில் கை வைத்து, "இந்தவாட்டி நீ எறங்கிறாத, பேசாம இரு" என்று அதனோடு பேசுவார்.

அந்த வாரம் ஒரு செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வருகிறார். ஒரு நாள் மேல்கணக்கு, மறுநாள் கீழ்க்கணக்கு. பிள்ளை உண்டாகியிருப்பவர்களைப் பார்த்து, உடம்பில் ரத்தம் குறைந்தவர்களுக்கு நீலக் கார்டு கொடுப்பார். நீலக் கார்டு இருந்தால் பால்மா கிடைக்கும், டானிக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பிறக்கும்வரை மலை ஏற வேண்டாம். நர்சரியில் உட்கார்ந்தபடியே தேயிலைக் கன்றுக்கு மண் நிரப்பலாம். பேர் குறையாது, அன்றைய சம்பளம் முழுதாக விழும்.

"அந்தக் கார்டு மட்டும் கெடச்சா இது தங்கிரும்" என்றார் மதினி. அவர் அப்படி எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா வந்த அன்று காலையில், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, மரத்திலிருந்து விழுந்த ஒருவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். தோட்டத்தில் இங்கிலீசும் தமிழும் தெரிந்து, பெண்களின் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். பெரிய கணக்கப்பிள்ளை எங்கள் காம்பரா வாசலுக்கே வந்து நின்றார். வேலைக்களத்தில் அவர் குரலைத்தான் கேட்டிருக்கிறோம். வாசலில் ஆளைப் பார்த்ததில்லை.

"ஒங்க புள்ள இங்கிலீசு படிக்குதாமே? வந்து நாலு வார்த்த மாத்திச் சொல்லுமா?"

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லுமுங்க, பேஷா சொல்லும்" என்றார். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைப் பள்ளிச் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரட்டைச் சடை பின்னிக்கொண்டு போனேன்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் பரிசோதனை. தொட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பதினொரு பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா உயரமாக, சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றார். துரையின் மனைவியும் வந்திருந்தார். நாங்கள் துரைசாணி என்போம். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கோடி வீட்டு அக்கா. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவர் காலையில் என்ன சாப்பிடுகிறார்? எங்கள் பாடமேதான்!

"ரொட்டியும் சாயத்தண்ணியுந்தான் புள்ள" என்றார் அக்கா.

அப்படியே சொன்னேன். தேநீர் பாலோடா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். மத்தியானம்? மறுபடி ரொட்டி. இரவு சோறு, பருப்போ கீரையோ, இருந்தால். துரைசாணி ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது வருத்தமாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அருவருப்பு என்றே நினைத்தேன். காது இரண்டும் சுட்டது. எங்கள் லயத்தில் வெளியாள் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தாங்க சாப்புட்டேன்" என்றுதான் சொல்வோம். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அது மானம். நானோ வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு வந்து, எங்கள் காலிச் சட்டிகளை வெள்ளைக்காரர்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டுகிறேன் என்று தோன்றியது.

இரண்டாவது பெண்ணும் அதையேதான் சொன்னார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஷீ ஈட்ஸ் பிரெட் அண்ட் பட்டர். ஷீ டிரிங்க்ஸ் மில்க்."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. இவ்வளவு நாளும் அதற்காகவே காத்திருந்த மாதிரி வந்தது. டாக்டரம்மா தலையசைத்து எழுதினார். துரைசாணி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது... ஒவ்வொருவருக்கும் என் புத்தகத்து அம்மாவின் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே போனேன்.

ஏழாவதாக மதினி. டாக்டரம்மா அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்து நெடுநேரம் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு நீலக் கார்டை இரண்டு விரலால் எடுத்தார். எடுத்துக்கொண்டே என்னிடம் கேள்விகளைக் கேட்டார். மதினி இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் போல ஒரே மூச்சில் கொட்டினார்.

"நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். ரெண்டு கொடம் தண்ணி தூக்குறேன். மத்தியானமானாத் தல சுத்துது, ஒக்காந்தாக் கங்காணி கத்துறாரு. எல்லாத்தையும் விடாமச் சொல்லு புள்ள."

நான் சொன்னேன். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார். முட்டை சாப்பிடுகிறார். மத்தியானம் ஓய்வெடுக்கிறார்.

"எவ்ரி டே?" என்று கேட்டார் டாக்டரம்மா. தினமுமா?

"எவ்ரி டே, மேடம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த நீலக் கார்டு பெட்டிக்குள் திரும்பிப் போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு எட்டாவது பெண்ணிடம் போனேன்.

பதினொரு பேரில் இரண்டு பேருக்குத்தான் கார்டு கிடைத்தது. ஒன்று கோடி வீட்டு அக்காவுக்கு. இன்னொன்று, கால் வீங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு. அந்த வீக்கம் எந்த மொழியிலும் சொல்லாமலே தெரிந்தது. டாக்டரம்மா எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

பரிசோதனை முடிந்ததும் மலைக்குப் போன மதினி சாயங்காலம் இறங்கி வந்தார். அடுப்பைப் பற்ற வைத்து முதல் வேலையாக எனக்கு ஒரு முட்டையைப் பொரித்தார்.

"தொண்டத்தண்ணி வத்தப் பேசியிருக்கே, தின்னு" என்று தட்டை என் முன்னால் வைத்தார். பிறகு, "எனக்காகச் சொன்னியே, அத இன்னொருவாட்டி சொல்லு. நீ பேசறப்ப கேக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"இதுக்கு என்னா அர்த்தம்?"

நான் முட்டையை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"சொல்லு புள்ள. என்னப் பத்தி வெள்ளக்காரங்ககிட்ட பேசியிருக்கே, எனக்குத் தெரிய வேணாமா?"

"மதினி ஆறு மணிக்கு எந்திரிக்கிறாங்க."

"ஆறு மணிக்கா! பெரட்டுல பேரு கூப்புட்டே முடிஞ்சிருக்குமே!" என்று சிரித்தார். "அப்புறம்?"

"மதினி முட்டை சாப்பிடுறாங்க."

என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னும் பலமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"வேற?"

"மத்தியானம் படுத்து ஓய்வெடுக்குறாங்க."

மதினி குனிந்து அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார். புகை வந்தது. ஊதினார்.

"அதான் அந்தக் கார்டு திரும்பிப் போயிருச்சா" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இல்ல மதினி... வெள்ளக்காரங்க முன்னால..."

"வெக்கமா இருந்துச்சாக்கும்."

தலையாட்டினேன்.

"எனக்கு வெக்கமா இல்லையே புள்ள. திங்காமக் கெடக்கறது நான்தானே?"

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். "படிச்ச புள்ளன்னு லயமே ஒன்னத் தூக்கி வச்சிருக்கு. போனது போவுது, விடு."

விட்டுவிடலாம்தான். நான் என்ன சொன்னேன் என்பது மதினியைத் தவிர எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்தில் ஹட்டனுக்குப் போய்விடுவேன். அந்தத் தட்டு மட்டும் என் முன்னால் இருந்தது. முட்டை ஆறிப்போயிற்று. மதினியின் வயிற்றை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு புது அப்பியாசக் கொப்பியை எடுத்தேன்.

"மதினி, காலைலேர்ந்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நாளைக்கு டாக்டரம்மா கீழ்க்கணக்குல இருப்பாங்க."

"போயி என்னான்னு சொல்லுவே?"

"இதத்தான் சொல்லுவேன்."

மதினி அடுப்பை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதினேன். அதே சின்ன வாக்கியங்கள்தான். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பீலிக் குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதை எப்படிச் சொல்வது? கூடை நனைந்தால் கனம் கூடுவதை? ஒரே பத்தடிக் காம்பராவுக்குள் இருந்தும் எனக்கு இதில் பாதி தெரிந்திருக்கவில்லை. நான் கண் விழிக்கும்போது மதினி எப்போதும் வேலைக்குப் போயிருப்பார்.

"கோழி முட்டைய என்னா செய்வீங்க மதினி?"

"நீ இருந்தா ஒனக்கு. நீ இல்லாட்டிக் கடைக்கார நானாகிட்டக் குடுத்துட்டு ஒனக்கு சோப்பு, எண்ணெ. பின்ன, ஒன் விடுதிக்கு வர்ற சாமானெல்லாம் மானத்திலேர்ந்தா விழுது?"

அதையும் எழுதினேன். எழுத்து கோணியது.

இருட்டுவதற்குள் கார்டு கிடைக்காத மற்ற எட்டுப் பேர் வாசலுக்கும் போனேன். விஷயத்தைச் சொல்லாமல் கேள்வி கேட்க முடியாது. அதனால் ஒவ்வொரு வாசலிலும் நான் செய்ததைச் சொன்னேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடி ஆத்தி! நான் வெண்ணெ தின்னேனா? எம்புருசங்கிட்டச் சொல்லிறாத, பங்கு கேப்பான்!"

நான் கடைசியாகப் போன காம்பராவில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நாலெழுத்து படிச்சதும் எங்க வயித்தையும் நீயே ரொப்பிட்டியா?" என்று கேட்டார். கொப்பியோடு அப்படியே நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக்க. மூணு மணிக்கே எந்திரிக்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் மழை. மதினி பெரட்டுக்குப் போகும் முன், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணியான படங்கில் பழையதொன்றைக் கிழித்து, அதில் கொப்பியைச் சுற்றிக் கொடுத்தார். குறுக்குப் பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். கீழ்க்கணக்குப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் சீருடை முழங்கால் வரை சேறு.

உள்ளே டிஸ்பென்சர் ஐயா டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பெரிய கணக்கப்பிள்ளை.

"ஒங்க கணக்குதான் நேத்தே முடிஞ்சிச்சே. என்னா இங்க?"

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணுங்கய்யா."

"என்கிட்டச் சொல்லு. நான் சொல்லிக்கறேன்."

தோட்டத்தில் அதுதான் வழக்கம். லயத்திலிருந்து எது மேலே போனாலும் அவர் வாய் வழியாகத்தான் போகும். போகும் வழியில் எது எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கோ முந்தின நாள்தான் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

"நேத்து நான்தாங்கய்யா தப்பாச் சொன்னேன். நானே சொன்னாத்தான் சரிப்படும்."

அவர் குரலை உயர்த்தினார். அது நல்லதாகப் போயிற்று. சத்தம் கேட்டு டாக்டரம்மா திரும்பிப் பார்த்து, உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்.

வழியெல்லாம் ஒரு நீளமான, அழகான மன்னிப்பு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது பறந்துவிட்டது. பழகிய நாக்குக்குப் பழகியதுதான் வந்தது.

"மேடம், ஐ டெல் லைஸ்."

நான் பொய் சொல்கிறேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்ரி டே?"

முந்தின நாள் கேட்ட அதே கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நோ, மேடம். யெஸ்டர்டே" என்றேன். பிறகு படங்கைப் பிரித்துக் கொப்பியை எடுத்து வாசித்தேன்.

மதினி நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். தண்ணீர் சுமக்கிறார். பாலில்லாத தேநீர் குடிக்கிறார். மலை ஏறுகிறார். மத்தியானம் அவருக்குத் தலை சுற்றுகிறது. அவர் உட்காருவதில்லை. அவர் முட்டை சாப்பிடுவதில்லை. முட்டையை நான் சாப்பிடுகிறேன்.

அந்த இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. டிஸ்பென்சர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெண்ணின் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பது பேரின் ஒன்பது நாட்களையும் வாசித்து முடித்தேன். என் புத்தகத்தில் இல்லாத வாக்கியங்கள். அதற்கு முன் யாரும் யாரிடமும் ஆங்கிலத்தில் சொல்லியிராத வாக்கியங்கள் என்றும் நினைக்கிறேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. இவர்களை மறுபடி பார்க்க வேண்டும், எப்போது வர முடியும் என்று கேட்டார்.

"கொழுந்து நிறுக்கறதுக்கு முந்தி யாரையும் மலையிலேர்ந்து எறக்க முடியாதுங்க" என்றார் கணக்கப்பிள்ளை. டிஸ்பென்சர் ஐயா அதை மொழிபெயர்த்தார்.

"அப்படியானால் நிறுக்கும் இடத்துக்கு நான் வருகிறேன்" என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவக் கொட்டகையின் முன்னால் ஜீப் வந்து நின்றது. தராசுக்காகப் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா மழைக்கோட்டோடு இறங்கி, ஒவ்வொருவராக இமையை இழுத்துப் பார்த்தார். டிஸ்பென்சர் ஐயா பக்கத்தில் இருந்தும், கேள்விகளை என்னைத்தான் கேட்கச் சொன்னார். வெற்றிலை துப்பிய அக்காவின் முறை வந்தது. காலையில் என்ன சாப்பிடுகிறார்?

அக்கா என்னைப் பார்த்து, "நேத்து வெண்ணெ. இன்னிக்கு ரொட்டி. அப்புடியே சொல்லு" என்றார்.

அப்படியே சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஒன்பது பேரில் ஆறு பேருக்குக் கார்டு கிடைத்தது. அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவர் உடம்பில் ரத்தம் போதுமாம். நான் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். "எனக்கு இல்லாட்டிப் போவுது. நான் சொன்னது சொன்னபடி போய்ச் சேந்துச்சுல்ல" என்று கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

மதினி கார்டை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, கொழுந்துச் சாறு கறுத்திருந்த விரலால் என்னிடம் நீட்டினார்.

"படி. உள்ளதத்தான் எழுதியிருக்காங்களா?"

படித்தேன். "ஆமா மதினி, உள்ளதத்தான்."

மறுநாள் மதினி நர்சரிக்குப் போனார். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. நான் ஹட்டனில் பரீட்சையில் இருந்தேன். அண்ணன் ஸ்டேஷன் வரை நடந்து வந்து, ரயிலில் வந்த ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த விடுமுறையில் டாக்டரம்மா மறுபடி வந்தபோது, இனி என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று காம்பராவுக்குள்ளேயே இருந்தேன். பெண்கள் ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வெற்றிலை அக்காதான் சொன்னாராம்: "அவ ஒருவாட்டிப் பொய் சொல்லிப் பட்டுட்டா. இனிமே சொல்ல மாட்டா. புதுசா ஒருத்தியக் கூப்புட்டா, அவ மொதல்லேர்ந்துல்ல ஆரம்பிப்பா?"

இப்போது நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சாதாரண நிகழ்காலத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. வீட்டுக்குப் போய், நடப்பதைப் பார்த்து, மறுநாள் வந்து சொல் என்கிறேன். என் அம்மா கொழுந்து பறிக்கிறார். எங்கள் கூரை ஒழுகுகிறது. என் அப்பா மவுத் ஆர்கன் வாசிக்கிறார். பிழையைத் திருத்துவேன், நடப்பை மாற்ற மாட்டேன். எல்லாம் கரும்பலகையில் ஏறும்.

மதினியின் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. நான் வீட்டில் பாடம் தயார் செய்வதைக் கேட்டுக் கேட்டு அவளும் சொல்லப் பழகிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "மை மதர் ஈட்ஸ் எக்" என்றாள் சத்தமாக. நான் சட்டென்று தலையை நிமிர்த்தினேன். மதினிக்கு இப்போது அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அர்த்தம் தெரியும். அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே தன் தட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். பாதி முட்டை, மஞ்சள் கரு சோற்றில் உதிர்ந்திருந்தது.

ஆங்கிலத்தில் அதைவிடப் பெரிய வாக்கியங்கள் எத்தனையோ படித்துவிட்டேன். ஆனால் சொன்னதும் தட்டைப் பார்த்து உண்மைதான் என்று தெரிந்துகொண்ட அந்தச் சின்ன வாக்கியத்துக்கு ஈடாக இன்றுவரை ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.